மறக்காத குடல்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தவர் மருந்துச் சீட்டை எடுத்து மறுபடியும் படிக்கிறார். இரும்புச் சத்து மாத்திரை ஒன்று, வைட்டமின் டி ஒன்று. இரண்டுமே நோய் சுரண்டிக்கொண்டு போனதை ஈடுகட்டத்தான். நோய்க்கான சிகிச்சை அடியில் ஒரே வரியாக இருக்கிறது: கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்கள் சேர்ந்த எதையும் சாப்பிடக் கூடாது. எத்தனை நாளைக்கு என்ற இடத்தில் 'ஆயுள் முழுக்க' என்று எழுதியிருக்கிறது.

சீலியாக் நோய் என்று இதற்குப் பெயர். உலகில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. இது ஒவ்வாமையைச் சேர்ந்ததில்லை. உடம்பின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் சொந்தக் குடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய். மற்ற தன்னெதிர்ப்பு நோய்களில் தாக்குதலைத் தூண்டிவிடுவது எது என்று பெரும்பாலும் தெரியாது. இதில் தெரியும். கோதுமையிலும் அதன் நெருங்கிய உறவுகளிலும் இருக்கும் குளுட்டன் என்ற புரதம். தூண்டுவதை எடுத்துவிட்டால் தாக்குதல் ஓய்கிறது. அதனால்தான் இங்கே ஒன்றைச் சாப்பிடாமல் இருப்பதே மருந்தாகிறது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் முதல் சில வாரங்களில் அந்த வீட்டில் கேள்விகள் எழுந்துகொண்டே இருக்கும். கோதுமையை நிறுத்தி ஒரு வாரம் ஆகிவிட்டதே, இன்னும் ஏன் வயிறு உப்புகிறது? மூன்று மாதம் ஆயிற்றே, ரத்தப் பரிசோதனை ஏன் இன்னும் சரியாகவில்லை? பால் குடித்தால் ஏன் கடமுடா என்கிறது? அடுக்களையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். உடம்பிலோ ஒவ்வொரு பகுதியும் தனக்கென்று ஒரு நாட்காட்டி வைத்திருக்கிறது. அவற்றைப் புரட்டிப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும்.

காஜாவும் பொத்தானும்

பரோட்டா மாஸ்டர் எலுமிச்சை அளவு உருண்டையை எண்ணெய் தடவிய கல்லில் தட்டி, வீசி விரிப்பதைப் பார்த்திருப்போம். கைரேகை தெரியும் அளவுக்கு மெல்லிசாகிறது, கிழிவதில்லை. அரிசி மாவை வைத்துக்கொண்டு இந்த வித்தையைக் காட்ட முடியாது. கோதுமையில் கிளையாடின், குளுட்டெனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டுப் பிசையும்போது இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கிளையாடின் இழுத்த இழுப்புக்கு வரும். குளுட்டெனின் விட்டதும் பின்னுக்கு இழுக்கும். இந்தப் பின்னல்தான் குளுட்டன். லத்தீன் மொழியில் பசை என்று பொருள். 1728இல் இத்தாலியின் பொலோனா நகரத்தில் பெக்காரி என்ற அறிஞர் கோதுமை மாவைத் தண்ணீரில் அலசி இதைப் பிரித்துக் காட்டினார். நாமும் செய்யலாம். பிசைந்த மைதா உருண்டையை ஒரு கிண்ணத் தண்ணீரில் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்தால் மாவுச்சத்து பாலாகக் கரைந்து போய், கடைசியில் மென்று துப்பிய சூயிங்கம் போல ஒன்று கையில் மிஞ்சும்.

நீளும் இந்தப் புரதத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: எளிதில் செரிக்காது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சரம். வயிற்றிலும் குடலிலும் இருக்கும் நொதிகள் கத்தரிக்கோல் மாதிரி அந்தச் சரத்தை வெட்டிக்கொண்டே போகும். கிளையாடினிலோ புரோலின் என்ற அமினோ அமிலம் அடிக்கடி வருகிறது. அது தனக்குள்ளேயே வளைந்து கிடக்கும் மணி. அது இருக்கும் இடத்தில் கத்தரிக்கோலின் வாய் நுழையாது. 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு எல்லா நொதிகளையும் தாண்டி முழுசாக நிற்கிறது என்று 2002இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இது நோயாளிகளின் குடலில் மட்டும் நடப்பதில்லை. சப்பாத்தி சாப்பிடும் எல்லாருடைய குடலிலும் அந்தத் துண்டு வெட்டுப்படாமல்தான் போகிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை.

சிலருக்கு மட்டும் ஏன் ஆகிறது? குடல் சுவரில் ஒரு தையல்காரர் இருக்கிறார். டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி. திசு எங்காவது கிழிந்தால் புரதத்தோடு புரதத்தைச் சேர்த்துத் தைப்பது அதன் வேலை. செரிக்காத கிளையாடின் துண்டு பக்கத்தில் வந்தால் அதையும் தொட்டு, அதிலிருக்கும் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை லேசாக மாற்றிவிடுகிறது. துணியில் இல்லாத பொத்தானை வைத்துத் தைத்துவிட்ட மாதிரி. மூன்று பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை இருக்கிறது. அவர்களுடைய நோயெதிர்ப்பு செல்களின் மேல் அந்தப் பொத்தானுக்குக் கச்சிதமான காஜா இருக்கிறது. பொத்தான் காஜாவில் மாட்டியதும் டி செல்கள் என்ற இன்னொரு வகை நோயெதிர்ப்பு செல்கள் அதைப் பகை என்று எடுத்துக்கொண்டு படை திரட்டுகின்றன. காஜா இருக்கிற எல்லாருக்கும் நோய் வருவதில்லை; அவர்களிலும் மிகச் சிலருக்குத்தான். ஆனால் காஜா இல்லாதவருக்கு இந்த நோய் அனேகமாக வராது.

படை கிளம்பினால் துண்டோடு நிற்பதில்லை. தைத்துக் கொடுத்த தையல்காரரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிராகவே உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. இதை 1997இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இன்று சீலியாக் நோய்க்கு முதலில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை தேடுவது இந்த எதிர்ப்பொருளைத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சந்தேகம் வந்த உடனே கோதுமையை நிறுத்திவிட்டு அப்புறம் பரிசோதனைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். கோதுமை நின்றால் எதிர்ப்பொருள் குறையும், குடலும் தேறத் தொடங்கும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். பிறகு உறுதிசெய்வதற்காகவே சில வாரங்கள் திரும்பக் கோதுமை சாப்பிட வேண்டியிருக்கும். ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோபியும் முடிந்த பிறகுதான் உணவை மாற்ற வேண்டும்.

சிப்பி, வாழைப்பழம், ரொட்டி

நோயாளிகள் இன்று முதல் வாரத்தில் படும் தடுமாற்றத்தை மருத்துவம் பல நூற்றாண்டுகள் பட்டது. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர் அரிட்டேயஸ், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் மெலிந்துபோகிறவர்களைப் பற்றி எழுதினார். வயிற்றுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் சீலியாக் என்ற பெயரே வந்தது. 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ குழந்தைகளிடம் இந்த நோயைத் துல்லியமாக விவரித்து, குணமாகும் என்றால் அது உணவால்தான் ஆகும் என்று எழுதினார். சொன்னது சரி, எந்த உணவு என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. தினமும் ஒரு லிட்டருக்கு மேல் டச்சு நாட்டுச் சிப்பி ஊட்டப்பட்ட ஒரு குழந்தை நன்றாகத் தேறியதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் மறுபடி மெலிந்ததையும் பதிவு செய்திருக்கிறார். அவரே, ரொட்டியை மெல்லிசாக வெட்டி இருபுறமும் வாட்டிக் கொடுக்கலாம் என்றும் அனுமதித்திருந்தார்.

1924இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தைக் கையிலெடுத்தார். ரொட்டி, பிஸ்கட், தானியம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தி, வாழைப்பழத்தை நிறையக் கொடுத்தார். குழந்தைகள் பிழைத்தார்கள். பழத்தில் ஏதோ மகிமை இருக்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். மகிமை, தட்டில் ரொட்டி இல்லாமல் போனதில் இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் ஹேக் நகரக் குழந்தை மருத்துவர் வில்லெம் கேரல் டிக்கே. ரொட்டியை நிறுத்தினால் குழந்தைக்குச் சரியாகிறது என்று ஒரு தாய் சொன்னது அவர் காதில் விழுந்ததாகச் சொல்வார்கள். 1930களிலேயே கோதுமை இல்லாத உணவை அவர் முயன்று பார்த்தார். பிறகு போர். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் விழுந்தது. மக்கள் டியூலிப் பூவின் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். ரொட்டி அரிதாகிவிட்ட அந்த மாதங்களில் சீலியாக் குழந்தைகள் மோசமாகவில்லை. ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. தான் ஏற்கெனவே சந்தேகப்பட்டதை ஊரே பட்டினி கிடந்து உறுதிசெய்ததை டிக்கே பார்த்தார். போருக்குப் பின் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, குழந்தைகளின் உணவில் ஒவ்வொரு தானியமாகச் சேர்த்தும் நீக்கியும், மலத்தில் செரிக்காமல் வெளியேறும் கொழுப்பை அளந்தும் சோதித்தார். 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அதை ஆய்வேடாகக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளில் பிரிட்டனின் பர்மிங்ஹாம் மருத்துவர்கள், கெடுதல் கோதுமையின் மாவுச்சத்தில் இல்லை, குளுட்டனில்தான் என்று நிறுவினார்கள். இன்று மருந்துச் சீட்டில் இருக்கும் அந்த ஒற்றை வரி அங்கிருந்து வந்தது.

முதல் நாள்: அடுக்களை

தமிழ் வீட்டில் இந்தச் சீட்டோடு வருபவருக்கு முதலில் நிம்மதிதான் தோன்றும். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம், வெண்பொங்கல், அடை, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ்: எதிலும் கோதுமை கிடையாது. சோறு, பருப்பு, காய், கீரை, மீன், முட்டை, தயிர் எதற்கும் தடையில்லை. தினை, சாமை, வரகு, குதிரைவாலி அத்தனையும் சாப்பிடலாம். பரோட்டா, சப்பாத்தி, பூரி, பிரெட், பிஸ்கட், கேக் போச்சு. அவ்வளவுதானே என்று நினைப்பார்கள்.

கோதுமை வேறு பெயரில் வந்து உட்கார்ந்திருப்பது இரண்டாவது நாள்தான் தெரியும். மைதா, ரவை, சேமியா, கோதுமைக் குருணை எல்லாம் ஒரே தானியம். இட்லி ரவை அரிசியிலிருந்து வருவது. ரவா இட்லியின் ரவை கோதுமை. பெயர் ஒட்டியிருப்பதால் கைதவறிவிடும். ரவா தோசையில் அரிசி மாவோடு ரவையும் மைதாவும் சேரும். கோபி மஞ்சூரியனின் மேல்மாவில் மைதா. கட்லெட்டுக்கு வெளியே ரொட்டித் தூள். சோயா சாஸ் வழக்கமாகச் சோயாவோடு கோதுமை சேர்த்துப் புளிக்க வைப்பது. சத்துப் பானத்தின் டப்பாவில் 'மால்ட்' என்று இருந்தால் பெரும்பாலும் பார்லி. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது. சம்பா கோதுமை பாரம்பரியமானது, ஒன்றும் செய்யாது என்று யாராவது சொல்வார்கள். அதிலும் குளுட்டன் இருக்கிறது.

எதிர்பாராத இடம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காய டப்பா. கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். மூலப் பிசின் மிகக் காரமானது என்பதால் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவு, சிலவற்றில் அரிசி மாவு. சாம்பார், ரசம், ஊறுகாய், மோர் என்று ஒரு நாளில் எத்தனை முறை பெருங்காயத்தை எடுக்கிறோம்! டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து அரிசி மாவு சேர்த்ததை வாங்கினால் தீர்ந்தது. ஹோட்டல் சாம்பாரில் என்ன பெருங்காயம் என்று கேட்டால் சர்வர் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

அடுத்தது பாத்திரம். குளுட்டன் கிருமி இல்லை. கொதிக்கவைத்தால் சாகாது, வாட்டினால் அழியாது, மாவு புளித்தாலும் போகாது. கழுவித்தான் அகற்ற வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் போதும். சப்பாத்திக் கட்டையின் மரத்தில் மாவு ஏறியிருக்கும். மாவு சலித்த சல்லடையின் கண்களில் சிக்கியிருக்கும். நோயாளியின் சமையலுக்கு இவற்றை விலக்கி வைப்பதே நல்லது. சப்பாத்தி வாட்டிய கல்லிலேயே தோசை ஊற்றினால் கல்லில் கிடக்கும் காய்ந்த மாவு தோசையின் அடியில் ஒட்டும். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்தாலும் அதே கதை. தோசைக்கல் ஒன்று, கரண்டி ஒன்று, வடிகட்டி ஒன்று தனியாக இருந்தால் வீட்டில் மற்றவர்கள் சப்பாத்தியை விட வேண்டியதில்லை.

மாவு மில்லை மறந்துவிடுவார்கள். நமக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துக்கொண்டு போயிருப்பார். எந்திரத்தின் உள்ளே தங்கிய மாவு நம் கேழ்வரகோடு சேர்ந்து வரும். வீட்டு மிக்ஸியில் அரைப்பதோ, வீட்டிலேயே ஊறவைத்துக் கிரைண்டரில் ஆட்டுவதோ பாதுகாப்பு. ஓட்ஸ் விஷயமும் இப்படித்தான். ஓட்ஸில் கோதுமைக் குளுட்டன் கிடையாது. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. தொடக்க மாதங்களில் அதைத் தள்ளி வைக்கப் பல மருத்துவர்கள் சொல்வது அதனால்தான்.

முதல் மாதம்: ஏறும் செல்கள்

வெளியே இவ்வளவு நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? சிறுகுடலின் உட்சுவரில் லட்சக்கணக்கில் குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத உயரம். பார்க்க நெருக்கமாக நெய்த ஜமுக்காளத்தின் இழைகள் மாதிரி. சுவரின் மடிப்புகளும் இந்த உறிஞ்சிகளும் இருப்பதால்தான் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு குழாய்க்குள் சுமார் 30 சதுர மீட்டர் பரப்பு அடங்குகிறது. ஒரு பெரிய ஹாலின் தரை அளவு. நாம் சாப்பிட்டது உடம்பில் சேர்வது இந்தத் தரை வழியாகத்தான். சீலியாக் நோயில் இழைகள் தேய்ந்து ஜமுக்காளம் வெறும் துணியாகிவிடும். இரும்புச் சத்தை உறிஞ்சும் குடலின் முதல் பகுதிதான் அதிகம் அடிபடும். அதனால்தான் பலருக்கு இந்த நோய் வயிற்றுப்போக்காக வருவதில்லை. எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் தீராத ரத்தசோகையாக, வளராத குழந்தையாக, காரணம் தெரியாத எலும்புத் தேய்வாக வருகிறது.

குடலுறிஞ்சியின் மேலுறை உடம்பிலேயே வேகமாகப் புதுப்பிக்கப்படும் திசுக்களில் ஒன்று. அடிவாரத்துப் பள்ளத்தில் புதுச் செல்கள் பிறக்கின்றன. சுவரைப் பற்றி மேலே ஏறுகின்றன. மூன்று முதல் ஐந்து நாளில் உச்சிக்குப் போய் உதிர்கின்றன. படியேறும் கூட்டம் ஒருநாளும் நிற்பதில்லை. அப்படியென்றால் கோதுமையை நிறுத்திய ஐந்தாவது நாள் குடல் புதிதாகிவிட வேண்டுமே?

ஆகாது. செல்கள் புதிதுதான், ஏறுவதற்கு மலைதான் இல்லை. இடிந்து கிடப்பது உள்ளே தாங்கி நிற்கும் அமைப்பு. அங்கே குவிந்த நோயெதிர்ப்பு செல்கள் மெல்லக் கலைந்த பிறகுதான் உறிஞ்சிகள் நிமிரும். குழந்தைகளுக்குச் சில மாதங்களில் நடந்துவிடும். பெரியவர்களுக்கு ஆண்டுக் கணக்கு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் இரண்டு ஆண்டுகளில் குடல் முழுமையாகத் தேறியவர்கள் 34 சதவீதம். ஐந்து ஆண்டுகளில் 66 சதவீதம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இறங்கவும் பல மாதம் பிடிக்கும். ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் அதைத் திரும்பப் பார்ப்பது வழக்கம். உடல் உபாதை இவை எதற்கும் காத்திருப்பதில்லை. பலருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ வயிறு லேசாகிவிடும். முதலில் தெளிவது வயிறு, பிறகு ரத்தம், கடைசியில் குடலின் சுவர். மூன்றும் ஒரே நாளில் சரியாகும் என்று எதிர்பார்ப்பவருக்குத்தான் மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றுகிறது.

பாலின் கதையும் இந்த மலையோடு சேர்ந்தது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி, உறிஞ்சியின் உச்சியில் இருக்கிற முதிர்ந்த செல்களில்தான் இருக்கும். உச்சி தேய்ந்தால் நொதியும் போகும். பால் குடித்ததும் வயிறு இரையும். கோதுமையை விட்டும் உப்புசம் போகவில்லை என்று சோர்ந்துபோகிறவருக்குப் பல சமயம் காரணம் காலையில் குடித்த காபியின் பால்தான். தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உறிஞ்சிகள் வளர வளரப் பால் திரும்ப ஒத்துவரும்.

இன்னும் இரண்டு முதல் மாத ஆச்சரியங்கள் உண்டு. ஒன்று, பசி. இத்தனை நாளும் வீணாய்ப் போன சாப்பாடு இப்போது உடம்பில் சேர்கிறது. எடை கூடும், சிலருக்கு வேண்டியதற்கு மேலும் கூடும். இன்னொன்று மலச்சிக்கல். கோதுமையோடு நார்ச்சத்தும் வெளியே போயிருக்கும். வெறும் வெள்ளைச் சோறாகச் சாப்பிட்டால் குடல் மந்தமாகும். குளுட்டன் இல்லை என்று எழுதி விற்கும் பாக்கெட் பிஸ்கட்டுகளிலும் பிரெட்டிலும் நார் குறைவாகவும் மாவுச்சத்து அதிகமாகவும் இருப்பதுண்டு. கேழ்வரகு, கம்பு, கொள்ளு, கீரை பக்கம் திரும்பினால் கைக்காசும் மிச்சம்.

ஒரு வாய் கேசரி

முதல் மாதத்தின் கடினமான பரீட்சை கல்யாண வீட்டிலோ கோயிலிலோ வரும். பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அத்தை சொல்வார்: "ஒரு வாய் கேசரிதானேடி, பிரசாதம் மாதிரி நினைச்சுக்கோ. ஒரு வாய்ல என்ன ஆயிடப் போவுது?"

என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள், நோய் கட்டுக்குள் இருந்த சீலியாக் நோயாளிகளுக்குத் தினம் 50 மில்லிகிராம் குளுட்டனை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். குடலுறிஞ்சிகள் தேயத் தொடங்கின. ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்று வைத்தால் அதில் சுமார் 3,000 மில்லிகிராம் குளுட்டன் இருக்கும். அப்படியானால் 50 மில்லிகிராம் என்பது ஒரு சப்பாத்தியில் அறுபதில் ஒரு பங்கு. மாவாக அளந்தால் கால் டீஸ்பூன்கூட வராது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சேதம் வருவதில்லை என்று கருதப்படுகிறது. உலக உணவு விதிகளும் இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதிகளும் குளுட்டன் இல்லாத உணவுக்கு வைத்திருக்கும் வரம்பை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்: கிலோவுக்கு 20 மில்லிகிராம். அத்தகைய உணவை ஒருவர் ஒரு நாளில் அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராம்தான் உள்ளே போகும்.

இந்தக் கணக்கு பயத்தைக் குறைக்கவும் உதவும். பெருங்காயம் போட்ட ரசம் தெரியாமல் ஒரு நாள் உள்ளே போய்விட்டால் குடல் இடிந்துவிடாது. ஆராய்ச்சியில் தேய்ந்த குடல் தொண்ணூறு நாள் தொடர்ந்து வாங்கிக்கொண்ட குடல். ஆனால் கேசரி ஒரு வாய் என்பது வேறு கணக்கு. ஒரு கரண்டிக் கேசரியில் ரவை 10 கிராம் இருந்தாலும் குளுட்டன் ஆயிரம் மில்லிகிராமைத் தொடும். வயிறு அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். வலி இல்லாததால் சேதம் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த நோயில் பலருடைய குடல் சத்தமே போடாமல் தேய்கிறது.

அதனால் முதல் மாதங்களில் ஒரு நோட்டுப் புத்தகம் துணை. என்ன சாப்பிட்டோம், எங்கே, எப்படி இருந்தது என்று குறித்து வைத்தால், குற்றவாளியைப் பிடிக்கும்போது அப்பாவித் தயிரையும் தக்காளியையும் தண்டிக்க வேண்டியிருக்காது. விருந்துக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போவது, இலையில் வெள்ளைச் சோறும் தயிரும் கேட்டு வாங்குவது, பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் கேக் வெட்டும் நாளுக்குக் குழந்தையின் டப்பாவில் கடலை மிட்டாய் போட்டுவிடுவது எல்லாம் சின்ன ஏற்பாடுகள்தான். இன்னொரு ஏற்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது: பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பது. நெருங்கிய உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நோய் இருக்கக்கூடும்.

வேலூரில் ஒரு கணக்கு

அத்தைக்கு இந்த நோய் புரியாததற்குக் காரணம் இருக்கிறது. 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, ஹரியானா–டெல்லி பகுதி, அசாம், வேலூர் ஆகிய மூன்று இடங்களிலும் 23,331 பேரைப் பரிசோதித்தது. வடக்கே சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் 1.23 சதவீதம், வேலூரில் 0.10 சதவீதம்தான். மரபணு வேறுபாடு என்று நினைக்கத் தோன்றும். பார்த்தால், காஜா வைத்திருந்தவர்கள் வடக்கே 38 சதவீதம், வேலூரில் 36. வித்தியாசம் தட்டில் இருந்தது. நாளொன்றுக்குச் சாப்பிடும் கோதுமை அங்கே சராசரி 455 கிராம், இங்கே 25 கிராம்.

நம்மிடமும் காஜா இருக்கிறது. பொத்தான்தான் குறைவாக வந்துகொண்டிருந்தது. சர்க்கரை நோய் வந்தால் ராத்திரிக்குச் சப்பாத்தி என்பது வீட்டு வழக்கமாகி, தெருமுனைக்கு ஒரு பரோட்டாக் கடை வந்துவிட்ட காலத்தில் இந்த எண்கள் எப்படி நகரும் என்பதை மருத்துவர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக நோய் இல்லாதவர்கள் கோதுமையை விட வேண்டியதில்லை. விட்டால் அவர்களுக்கு நன்மை என்பதற்குச் சான்று இல்லை.

ஹரியானாவில் சீட்டோடு வீடு திரும்புகிறவருக்கு மூன்று வேளைச் சாப்பாடும் ஒரே நாளில் போய்விடும். ஆனால் அக்கம்பக்கத்தில் இன்னொரு நோயாளி இருக்க வாய்ப்புண்டு. தமிழ்நாட்டுக்காரருக்குச் சாப்பாடு அப்படியே இருக்கிறது. விளக்கிச் சொல்ல வேண்டிய வேலைதான் முழுக்க அவர் தலையில் விழுகிறது.

தாள் கிழியாத நாட்காட்டி

இரண்டு ஆண்டு கழித்து மறுபடி எண்டோஸ்கோபி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குடல் நன்றாகத் தேறியிருந்தால், நுண்ணோக்கியில் இழைகள் நிமிர்ந்து நிற்பது தெரியும். நோயே இல்லாதவரின் குடலைப் பக்கத்தில் வைத்தால் நோயியல் மருத்துவருக்கே வித்தியாசம் சொல்வது கடினம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை. ரத்தசோகை தீர்ந்து, மாத்திரைகள் நின்றுவிட்டன. நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது எப்போது நின்றது என்றுகூட நினைவில்லை. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்ப்பது கைப்பழக்கமாகிவிட்டது.

இவ்வளவு தேறிய குடலுக்கு ஒரு சப்பாத்தி கொடுத்தால் தாங்காதா?

தாங்காது. கோதுமையை அடையாளம் கண்ட டி செல்களில் ஒரு பகுதி நினைவுச் செல்களாகத் தங்கிவிடுகின்றன. குளுட்டனே தொடாமல் பல ஆண்டுகள் இருந்தவர்களிடமும் அதே வம்சச் செல்கள் பத்து, இருபது ஆண்டு கழித்தும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். குளுட்டன் உள்ளே போன சில மணி நேரத்தில் அவை விழித்துக்கொள்வதை ரத்தத்திலேயே அளக்க முடிகிறது. ஐந்து நாளுக்கு ஒருமுறை மேலுறையையே மாற்றிக்கொள்ளும் குடல், இந்த ஒன்றை மட்டும் ஆயுள் முழுக்க வைத்துக்கொள்கிறது.

அதனால் இரண்டாவது முறை வீட்டுக்கு வரும்போது மருந்துச் சீட்டு முன்பைவிடச் சின்னதாக இருக்கும். இரும்பு மாத்திரை இல்லை, வைட்டமின் டி இல்லை. மிச்சம் இருப்பது அடியில் இருந்த அந்த ஒரு வரிதான். முதல் தடவை அதை நின்றுகொண்டே மூன்று முறை படித்தவர், இந்தத் தடவை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு தோசைக்கு மாவு ஆட்டப் போகிறார்.